பத்து ரூபாய்க்கு இருந்த மரியாதை

நாட்டில் பிராட்பேண்ட் இணைப்பு நூறு கோடியைத் தாண்டிவிட்டது என்று டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) கணக்கை வைத்து ஆளாளுக்குப் பதிவு போடுகிறார்கள். சந்தோஷம்தான். அதில் வீட்டுக்கு ஒயர் இழுத்து வாங்கிய இணைப்பு நாலு கோடிச் சொச்சம். மிச்சமெல்லாம் கையில் இருக்கிற போன். அது கிடக்கட்டும், எனக்கு உறுத்துகிற கணக்கு வேறு: வருகிற அழைப்பை எடுப்பதற்குக்கூட இப்போது மாசாமாசம் ரீசார்ஜ் போட வேண்டியிருக்கிறதே, அது.

தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கம் சின்னதாக ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். இளவட்டங்கள் யாரும் இப்போது ரீசார்ஜுக்குக் கடைப்பக்கம் வருவதில்லை, ஜிபேயிலும் போன்பேயிலும் அவர்களே போட்டுக்கொள்கிறார்கள். டெம்பர் கிளாஸ் ஒட்ட, சார்ஜர் ஒயர் வாங்க வருவார்கள். ரீசார்ஜுக்கு வருவது பட்டன் போன் ஆச்சிகள், பீடி சுற்றுகிற பொம்பளைகள், காட்டு வேலைக்குப் போகிறவர்கள். இவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான்.

“யய்யா, நான் யாருக்கும் போன் பண்ணுததே இல்லையே. மவன் திருப்பூர்லேர்ந்து பேசுவான், அம்புட்டுதான். அதுக்கு எதுக்குய்யா எரநூறு ரூவா?”

“ஆச்சி, இப்போ வாரதுக்கும் துட்டுதான்.”

இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் “இன்கமிங் ஃப்ரீ, ஒத்தப் பைசா கெடையாது” என்று சொல்லி இதே ஆச்சிமார்களுக்கு சிம் விற்றதும் என்னை மாதிரிக் கடைக்காரன்தான்.

கொஞ்சம் பின்னால் போகணும். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31. கொல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேசினார், டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் எடுத்தார். (எதிர்க்கரை இலங்கையில் 1989-லேயே செல்டெல் என்கிற செல்போன் கம்பெனி வந்துவிட்டது. நாம் அதற்கும் ஆறு வருஷம் லேட்.) அன்றைக்கு நிமிஷத்துக்கு 16 ரூபாய் வரை, வருகிற அழைப்புக்கும் காசு. ரியல் எஸ்டேட்காரர்களும் மில் முதலாளிகளும் வைத்திருந்த சாமான் அது. 1999-இல் புதிய தொலைத்தொடர்புக் கொள்கை வந்து, லைசென்ஸுக்கு மொத்தத் தொகை கட்டுவதை மாற்றி வருமானத்தில் பங்கு என்று ஆக்கினார்கள். கம்பெனிகளுக்கு மூச்சு வந்தது. 2003-இல் இன்கமிங் இலவசமானது. நோக்கியா 1100 வந்ததும் அதே வருஷம்தான். அதற்குப் பிறகுதான் எங்கள் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துகள் ஒவ்வொன்றாக மூடி, ஜெராக்ஸ் கடையாகவும் ரீசார்ஜ் கடையாகவும் மாறின.

ஆனால் இந்த வளர்ச்சியைத் தூக்கி நிறுத்தியது போனும் இல்லை, டவரும் இல்லை என்பேன். பத்து ரூபாய். கையில் பத்து ரூபாய் இருந்தால் பத்து ரூபாய்க்குப் பேசலாம், இல்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம், ஆனாலும் வருகிற அழைப்பு வந்துகொண்டிருக்கும். போஸ்ட்பெய்டு பில் என்றால் மாசச் சம்பளக்காரனுக்குத்தான் சரிப்படும். சனிக்கிழமை பீடிக் கணக்கு முடித்து வாரச் சம்பளம் வாங்குகிறவளுக்கும், அன்றன்றைக்குக் கூலி வாங்குகிறவளுக்கும் பத்து ரூபாய் டாப்-அப்தான் தோது. கடலூர் சின்னி கிருஷ்ணன் ஷாம்பூவைப் பாக்கெட்டில் அடைத்து, பாட்டில் வாங்க முடியாத வீட்டுக்குள் கொண்டுபோனாரே, அந்த வழிதான். முழுப் பாட்டில் வாங்க வக்கில்லாதவர்களின் சில்லறையைச் சேர்த்தே உலகத்தின் ரெண்டாவது பெரிய செல்போன் சந்தையைக் கட்டினார்கள்.

நம்ம ஊரில் மட்டும் இல்லை, ஆசியா முழுக்க இதே கதைதான். பிலிப்பைன்ஸில் ஸ்மார்ட் கம்பெனி 2003-இல் சுரண்டும் கார்டை ஒதுக்கிவிட்டு, நம்ம பெட்டிக்கடை மாதிரி அங்கே இருக்கிற ‘சாரி-சாரி’ கடைகளில் போன் வழியாகவே 30 பெசோவிலிருந்து ‘லோடு’ ஏற்றிக் கொடுக்க ஆரம்பித்தது. வங்கதேசத்தில் 1997 மார்ச்சில் தொடங்கிய கிராமீன்போன் வேறு ஒரு வழி கண்டது: கிராமீன் வங்கியில் கடன் வாங்கி ஒரு பெண் போன் வாங்குவாள், ஊர்க்காரர்கள் அவள் வீட்டுக்கு வந்து நிமிஷக் கணக்கில் காசு கொடுத்துப் பேசுவார்கள். பிற்பாடு ஆளுக்கொரு போன் வந்து அவள் வியாபாரம் படுத்துவிட்டது. நம்ம எஸ்.டி.டி. பூத்துக்கு ஆன கதிதான், அது காலத்தின் போக்கு. பர்மா இன்னும் விசேஷம். 2000-களில் அங்கே ஒரு சிம் கார்டு ஆயிரக்கணக்கான டாலர், நம்ம ஊரில் அந்தக் காசுக்கு நிலம் கிடைத்திருக்கும். 2014-இல் டெலினார், ஊரிடூ என்கிற வெளிநாட்டுக் கம்பெனிகள் உள்ளே வந்து 1,500 கியாட்டுக்கு, சுமாராக ஒன்றரை டாலருக்கு, சிம் விற்றார்கள். சில வருஷத்தில் ஜனத்தொகைக்குச் சமமாக சிம் ஆகிவிட்டது. அதே நாட்டில் 2021-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து இணையத்தை முடக்கியது, அடுத்த வருஷம் டெலினார் கடையைக் கட்டிக்கொண்டு வெளியேறியது. கொடுத்த வேகத்தில் பறிக்கவும் முடியும் என்று அவர்கள் பார்த்துவிட்டார்கள்.

நம்மிடமிருந்து யாரும் அப்படி அடித்துப் பறிக்கவில்லை. பைய உருவிக்கொண்டார்கள்.

லைஃப்டைம் கார்டு ஞாபகம் இருக்கிறதா? 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் வந்தது. 999 ரூபாய் கட்டினால் ஆயுசுக்கும் இன்கமிங். அன்றைக்கு ஆயிரம் ரூபாய் என்பது சாதாரணத் தொகை இல்லை. கல்ஃபுக்குப் போன பையன்கள் புறப்படுவதற்கு முன்னால் அம்மாவுக்கு அதைத்தான் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். கடையநல்லூர், மேலப்பாளையம் பக்கம் கேட்டால் வீட்டுக்கு ஒருத்தர் சொல்வார்கள். 2009-இல் ‘நொடிக்கு ஒரு பைசா’ வந்தபோது இன்னும் கொண்டாட்டம். மிஸ்டு கால் கொடுத்துப் பிழைத்தவர்கள்கூடக் காசு கொடுத்துப் பேச ஆரம்பித்தார்கள்.

பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ. டேட்டா விலை தரைக்கு வந்ததை நான் குறை சொல்லவே மாட்டேன். எலுமிச்சை என்ன விலைக்குப் போகிறது என்று புளியங்குடி மார்க்கெட்டிலிருந்து காலையிலேயே வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் உட்கார்ந்து ஜோஹோ உலகத்துக்கே சாப்ட்வேர் விற்கிறது. அதெல்லாம் நிஜம். ஆனால் டேட்டா மலிவான அதே சண்டையில்தான் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. 2012-இல் 2ஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் 122 லைசென்ஸை ரத்து செய்தபோதே பாதி ஆட்டம் முடிந்திருந்தது. 2018-இல் நம்ம தமிழ்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த ஏர்செல்லும் திவால் மனு கொடுத்துவிட்டது. கடைசியில் மிஞ்சியது தனியார் மூன்று, அரசு ஒன்று.

அந்த 2018 கடைசியில்தான் பழைய பெரிய கம்பெனிகள் மாசத்துக்குக் குறைந்தது 35 ரூபாய் போடணும், இல்லாவிட்டால் இன்கமிங்கும் நிற்கும் என்று கொண்டுவந்தன. லைஃப்டைம் என்று காசு கட்டினவர்களுக்கும் அதே சட்டம். ஆச்சியின் ஆயுசு இருந்தது, கார்டின் ஆயுசு முடிந்துவிட்டது. கடைக்கு வந்து என்னிடம் சண்டை போட்டவர்களுக்கு நான் என்ன சொல்ல? 35 பிறகு 49 ஆச்சு, 79, 99, 155 என்று ஏறி, 2024 ஜூலையில் போட்ட ஏற்றத்துக்குப் பிறகு 28 நாள் பேக் என்றாலே இருநூறை ஒட்டி. எந்தப் பஞ்சாங்கத்தில் எல்லா மாசத்துக்கும் 28 நாள் என்று தெரியவில்லை. இந்தக் கணக்கில் வருஷத்துக்குப் பதிமூணு மாசம். 30 நாள் பேக்காவது ஒன்று வையுங்கள் என்று டிராய் 2022-இல் உத்தரவே போட வேண்டியிருந்தது.

199-ஐப் பதிமூணால் பெருக்கினால் 2,587. முதியோர் பென்ஷன் மாசம் 1,200. ஆக ரெண்டு மாசப் பென்ஷனும் அதற்கு மேலும், போன் மணி அடிப்பதற்காக மட்டும் போகிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரத்தில் அஞ்சில் ஒரு பங்கு.

பத்து ரூபாய் டாப்-அப் இப்பவும் இருக்கிறது. இருந்தே ஆகணும் என்று விதியே உண்டு. போட்டால் 7 ரூபாய் 47 காசு பேலன்ஸ் ஏறும். ஆனால் வேலிடிட்டி இல்லாத போனில் அந்தப் பேலன்ஸை வைத்து ஒன்றும் பண்ண முடியாது.

“வேண்டாம்னா போனைத் தூக்கி எறிய வேண்டியதுதானே, யார் கட்டாயப்படுத்தினா?” என்று ஒரு நண்பர் கேட்டார். அரசாங்கம்தான் கட்டாயப்படுத்துகிறது அண்ணாச்சி. பீடித் தொழிலாளி பி.எஃப். எடுக்கணும் என்றால் ஆதாரில் கொடுத்த நம்பருக்கு ஓடிபி. கேஸ் சிலிண்டர் இறக்கணும் என்றால் போனுக்கு வந்த நம்பரைச் சொல்லணும். ரேஷன் கார்டு, பேங்க், ஆஸ்பத்திரிக் காப்பீடு, பேரப்பிள்ளை ஸ்காலர்ஷிப், எல்லாவற்றிலும் ஒரு பத்து இலக்க எண் உட்கார்ந்திருக்கிறது. அந்த நம்பரை ரீசார்ஜ் பண்ணாமல் விட்டால் சில மாசத்தில் கம்பெனி அதை வேறு யாருக்கோ விற்றுவிடும். ஆச்சியின் பென்ஷன் ஓடிபி முகம் தெரியாத ஒருத்தன் போனில் விழும். அதை மாற்ற ஆதார் மையத்துக்குப் பஸ் ஏறி, ரேகை தேய்ந்துபோன விரலை மெஷின் ஏற்றுக்கொள்ளுமா என்று ஒரு நாள் முழுக்கக் காத்துக் கிடக்கணும். பீடி சுற்றிய கையின் ரேகை என்ன லட்சணத்தில் இருக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

நூறு நாள் வேலைக்கு 2023 ஜனவரியிலிருந்து ஆப்பில் ரெண்டு நேரம் போட்டோ எடுத்து ஏற்றினால்தான் வருகைப்பதிவு என்றார்கள். மலை அடிவாரத்தில் டவர் எடுக்காத ஓடைக்கரையில் என்ன பண்ணுவார்கள்? சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஒருத்தர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். காரையாறு தாண்டிக் காட்டுக்குள் இருக்கிற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவர்கள் ‘வளர்ச்சி’ என்கிற கணக்குக்குள் இன்னும் முழுசாக வரவில்லை. நகரத்தில் நூறு பேருக்கு 130 இணைப்புக்கு மேல், கிராமத்தில் 60-ஐ ஒட்டித்தான். ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தப் பள்ளம் வருஷக்கணக்கில் தூரவில்லை.

கம்பெனிக்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. 2022-இல் 5ஜி அலைக்கற்றை ஏலத்தில் மட்டும் ஒன்றரை லட்சம் கோடி ரூபாய். அரசாங்கத்துக்குப் பங்கு தர எந்தெந்த வருமானத்தைக் கணக்கில் சேர்ப்பது என்கிற ஏஜிஆர் வழக்கில் 2019-இல் வந்த தீர்ப்பில் வோடபோன் ஐடியா கிட்டத்தட்ட மூழ்கிவிட்டது, அரசாங்கமே அதில் பாதிக்குப் பக்கத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும்படி ஆனது. ஒரு ஆளிடமிருந்து மாச வருமானம் முந்நூறு வந்தால்தான் தொழில் நிற்கும் என்று ஏர்டெல் தலைவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ஒத்துக்கொள்கிறேன். நாள் முழுக்க ரீல்ஸ் பார்க்கிறவனிடம் முந்நூறு என்ன, நானூறு வாங்குங்கள். ஒரு எம்.பி. டேட்டாகூடத் தொடாத ஆச்சியிடம் ஏன் அதே கணக்கு?

டிராயும் சும்மா இருக்கவில்லை. டேட்டா வேண்டாதவர்களுக்குப் பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பேக் கட்டாயம் கொடுக்கணும் என்று 2024 டிசம்பரில் விதி போட்டது. கம்பெனிகளும் கொண்டுவந்தன, 84 நாளைக்கு 450-லிருந்து 470 ரூபாய். கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு அஞ்சரை ரூபாய் ஆகிறது, 28 நாள் பேக்கில் ஏழு ரூபாய்க்கு மேல். லாபம்தானே? லாபம், ஒரே நேரத்தில் 470 ரூபாய் எடுத்து வைக்க முடிகிறவனுக்கு. சனிக்கிழமை சனிக்கிழமை கூலி வாங்குகிறவள் 199-ஐத்தான் எடுப்பாள், நாளைக்கு ஒன்றரை ரூபாய் கூடக் கொடுத்து. முன்னால் இல்லாதவனுக்காகச் சின்னதாக வெட்டிக் கொடுத்தார்கள், இப்போது சின்னதாக வாங்குகிறவன்தான் கூடக் கொடுக்கிறான்.

2024 ஜூலை விலை ஏற்றத்தில் கடுப்பாகி ஜனங்கள் மாறினதில் அந்த ஒரே மாசத்தில் அரசுக் கம்பெனி பி.எஸ்.என்.எல்.லில் 29 லட்சம் இணைப்பு கூடியது. விலை குறைவு. 2025 செப்டம்பரில் நம்ம நாட்டிலேயே செய்த கருவிகளோடு அவர்கள் 4ஜியும் கொண்டுவந்திருக்கிறார்கள். உருப்படட்டும். மூன்று தனியாரும் ஒரே பாட்டைப் பாடுகிற சந்தையில் நாலாவது ஆள் ஒருத்தன் வேணும்.

எனக்குத் தோன்றுவது இது. மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால் தொண்ணூறு நாள் உபயோகம் இல்லாவிட்டாலும் நம்பரை அழிக்கக்கூடாது என்று 2013-லேயே டிராய் விதி உண்டு. நம்பர் பிழைக்கும், அதற்கு அழைப்பும் ஓடிபியும் வந்து சேரும் என்று அதில் உத்தரவாதம் இல்லை. அந்த உத்தரவாதத்தைச் சேருங்கள். மாசம் 20 ரூபாய், இன்கமிங்கும் வருகிற மெசேஜும் மட்டும், டேட்டா வேண்டாம், ஓசி சினிமா ஆப் வேண்டாம். கம்பெனிக்குக் கட்டாது என்றால் அதற்கும் துட்டு இருக்கிறது: அவர்கள் வருமானத்தில் கட்டுகிற 8 சதவீத லைசென்ஸ் கட்டணத்தில் எட்டில் அஞ்சு பங்கு கிராமத்துக்குத் தொலைபேசி கொண்டுபோகத்தான் எடுத்து வைக்கப்படுகிறது. முன்னால் யூ.எஸ்.ஓ. நிதி, இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பேர். டவர் நடத் தருகிற பணத்தில் ஒரு பகுதியை, அந்த டவருக்குக் கீழே இருக்கிற போன் அணையாமல் இருக்கவும் தரலாமே. பென்ஷன் வாங்குகிறவர்கள், நூறு நாள் அட்டை உள்ளவர்கள் பட்டியல் எல்லாம் அரசாங்கத்திடம் ஆதாரோடு இணைந்துதான் கிடக்கிறது. யாருக்குக் கொடுப்பது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை.

அது வருகிற வரைக்கும் கடையில் நான் பண்ணுவது இதுதான். 84 நாள் பேக்கை என் துட்டில் போட்டுவிட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன், சனிக்கிழமை நாற்பது நாற்பதாகத் தருகிறார்கள். எனக்குக் கிடைக்கிற கமிஷன் நூற்றுக்கு மூணு ரூபாயை ஒட்டி. அதில் வட்டி எங்கே பார்க்க? ஆனாலும் இதுவரை யாரும் ஏமாற்றவில்லை. சுற்றுப்பக்கம் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிமார்களும் போட்டுப் பாருங்கள். பீடிக் கம்பெனிக் கணக்கு சனிக்கிழமை மூணு மணிக்குள் முடிந்துவிடும், நாலு மணிக்குக் கடையைத் திறந்து வைத்தால் போதும்.