மாயை என்றால் பொய் என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை அந்த மண்டபத்தில் சைவச் சொற்பொழிவின்போது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். நேற்று அதே காணொளித் துண்டை நான்கு பேர் எனக்கே அனுப்பி, "என்ன அருமையான பதில்!" என்று எழுதியிருக்கிறார்கள். இனிச் சும்மா இருக்க முடியாது.

பார்த்தவர்களுக்குத் தெரியும். மகனைப் பறிகொடுத்து நாற்பது நாள்கூட ஆகாத ஒரு தாய் எழுந்து நின்று, "அவன் இப்போது எங்கே இருப்பான் ஐயா?" என்று கேட்டார். சொற்பொழிவாளர் சிரித்தார். "யார் பிறந்தது, யார் இறந்தது அம்மா? மகன் என்பதே மாயை. கனவில் பெற்ற பிள்ளைக்காக விழித்த பின் யாராவது அழுவார்களா?" என்றார். கைதட்டல். பிறகு "மரத்தை மறைத்தது மாமத யானை" என்று ராகத்தோடு பாடி, "உலகம் பொய் என்று திருமூலரே சொல்லிவிட்டார்" என்று முடித்தார். மறுபடியும் கைதட்டல். அந்த அம்மா உட்கார்ந்துவிட்டார்.

திருமூலர் அப்படிச் சொல்லவில்லை. மரத்தில் செய்த யானையை யானையாகப் பார்க்கிறவனுக்கு மரம் தெரிவதில்லை. மரமாகப் பார்க்கிறவனுக்கு யானை தெரிவதில்லை. அப்படியே, உலகத்தை மட்டும் பார்க்கிறவனுக்குப் பரம்பொருள் மறைந்துவிடுகிறது. பார்க்கிற கண்ணைப் பற்றிய பாட்டு அது. இதில் பொய் எங்கே வந்தது? பதியாகிய இறைவனைப் போலவே பசுவாகிய உயிரும், அதைக் கட்டியிருக்கிற பாசமும் அனாதி, தொடக்கம் இல்லாதவை என்று சொன்னவரும் இதே திருமூலர்தான். உடம்பை இழுக்கென்று இருந்தேன், பிறகு அதற்குள்ளேதான் உறுபொருளைக் கண்டேன் என்றவரும் அவரேதான்.

அந்தப் பாட்டை யார் தவறாகச் சொன்னாலும் எனக்கு வலிக்கும். என் அப்பா தச்சர். கோயில் வாகனங்கள் செய்தவர். எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது எங்கள் பட்டறையில் ஒரு யானை வாகனம் மாதக்கணக்கில் நின்றது. துதிக்கை வளைகிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடியது. வாட்டம் பார்க்காமல் உளியை வைத்தால் சிராய் தெறித்துவிடும். அப்பா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்ப்பார், கொட்டாப்புளியால் மெல்ல ஒரு தட்டு, மறுபடி தடவல். ஒரு நாள் உளி வழுக்கியது. இடது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு அடுத்த வாரமே அதே துதிக்கையின் முன்னால் உட்கார்ந்தார். திருவிழாவில் சுவாமி அந்த யானை மீதுதான் வந்தார். அது பொய் யானை என்றால் அப்பாவின் விரல் எங்கே போயிற்று?

மாயை என்றால் பொய் அல்ல. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். சைவ சித்தாந்தத்தில் மாயை என்பது குடத்துக்கு மண் போன்றது, உலகத்துக்கு முதற்காரணம். இல்லாதது தோன்றாது, உள்ளது இல்லாமல் போகாது. இதுதான் சற்காரியவாதம். குடம் உடைந்தால் மண்ணில் ஒடுங்குகிறது. குடமே இருந்ததில்லை என்று ஆகிவிடுமா? 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார், சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் முதல் சூத்திரத்தையே "அவன் அவள் அது எனும் அவை" என்றுதான் தொடங்குகிறார். கண்முன் நிற்கிற இந்த உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே இதைச் செய்பவன் ஒருவன் உண்டு என்பது அவர் வாதம். கடவுளை நிறுவுவதற்கே அவர் உலகத்தின் மீதுதான் கால் ஊன்றுகிறார். உலகம் பொய் என்றால் முதல் சூத்திரமே நிற்காது. அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளை எடுத்துப் பேசும் பரபக்கத்தில் மறுக்கிற 14 தரப்புகளில், உலகம் வெறும் தோற்றம் என்கிற மாயாவாதியும் ஒருவன். சைவ மேடையில் உட்கார்ந்துகொண்டு அந்த மாயாவாதத்தையே திருமூலர் பெயரில் சொல்வதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

அதே சித்தாந்த மரபில் வந்த உமாபதி சிவம் இன்னும் ஒரு படி மேலே போகிறார். "விடிவா மளவும் விளக்கனைய மாயை" என்கிறார் திருவருட்பயனில். இருட்டு என்பது ஆணவம், உயிரின் அறிவை மறைக்கிற மலம். மாயை அந்த இருட்டில் நமக்குக் கொடுக்கப்பட்ட விளக்கு, விடியும்வரைக்கும். இந்த உடம்பும் கண்ணும் காதும் வீடும் ஊரும் அந்த விளக்குதான். இந்த ஒரு வரியை ஞாயிற்றுக்கிழமை சொல்லியிருக்கலாமே! அந்தத் தாய்க்குக் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றாவது கிடைத்திருக்கும்.

பிரம்மம் ஒன்றே உண்மை, உலகம் மித்யா என்கிற அத்வைத நண்பர்கள் இப்போது கிளம்பி வருவீர்கள், தெரியும். மித்யா என்றால் அறவே இல்லாதது என்று பொருள் இல்லை. வியாவகாரிகம் என்கிற அன்றாட வழக்கின் உண்மை வேறு, பாரமார்த்திகம் என்கிற இறுதி உண்மை வேறு என்பீர்கள். சரி. ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் கோபப்பட வேண்டியவர்கள் நீங்கள்தானே? பிரம்மசூத்திர பாஷ்யத்தில் அறிவுக்கு வெளியே பொருளே இல்லை என்கிற விஞ்ஞானவாத பௌத்தர்களை மறுக்கும் இடத்தில், விழிப்பு நிலையின் அறிவு கனவைப் போன்றது அல்ல என்று உங்கள் ஆசான் சங்கரரே வாதாடுகிறார். மேடையில் சொல்லப்பட்டது சங்கரரும் இல்லை, திருமூலரும் இல்லை.

அணுவுக்குள் பெரும்பகுதி வெற்றிடம் என்று 1911இலேயே ரூதர்ஃபோர்டு கண்டுபிடித்துவிட்டார், ஆகவே அறிவியலும் மாயை என்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அணு எப்படி அமைந்திருக்கிறது என்று சொன்னால், அணு இல்லை என்றா ஆகிவிடும்?

"ஆறுதலுக்காகத்தானே சொன்னார், அதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறாயே" என்பவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

அப்பா கடைசி நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். முதுகின் அடியில் புண். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உப்புநீரில் பஞ்சை நனைத்து ஓரத்திலிருந்து துடைத்துக்கொண்டு வருவேன். நடுவில் பட்டால் அவர் கட்டிலின் சட்டத்தை இறுகப் பிடிப்பார், நுனி இல்லாத அந்த விரலோடு சேர்த்து. பார்க்க வந்த உறவினர்கள் வாசற்படியில் நின்றபடியே, "உடம்பு வெறும் சட்டை, எல்லாம் மாயை, மனதைத் தளரவிடாதே அம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட அந்த வாடைக்குள் ஐந்து நிமிடம் இருந்ததில்லை. மாயை என்று சொல்லிவிட்டால் உள்ளே வர வேண்டியதில்லை, பஞ்சைப் பிடிக்க வேண்டியதில்லை. அந்த ஆறுதல் யாருக்கு?

"நிலையாமையை ஏற்றுக்கொள்ள உனக்குப் பக்குவம் இல்லை" என்றும் சொல்வீர்கள். நிலையாமை வேறு, பொய் வேறு. நிலையாமையை வள்ளுவரைவிட அழுத்தமாக யார் சொன்னார்கள்? "நெருநல் உளனொருவன் இன்றில்லை." இறந்தவனை முதலில் 'உளன்' என்று சொல்லிவிட்டுத்தான் 'இல்லை' என்கிறார். நேற்று இருந்தான். அந்த மேடை அந்தத் தாயிடமிருந்து நேற்றையும் பிடுங்கிக்கொண்டது. எனக்குப் பட்டம் இல்லை, இரண்டு ஆண்டு சித்தாந்த வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டவள், அவ்வளவுதான். ஆனால் 'உளன்' என்ற சொல்லைப் படிக்கப் பட்டம் தேவையில்லை.

கூட்டம் முடிந்து பிரசாதத்துக்கு வரிசை நின்றபோது அந்த அம்மா மண்டபப் படியில் தனியாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்காத ஒன்றைக் கேட்டேன். "பையன் பெயர் என்ன அம்மா?" சொன்னார். பஸ் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரை அவனுக்குத் தயிர்சாதம் பிடிக்காது என்பதில் தொடங்கி, தம்பிக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது வரை அவனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.