ஸ்பென்சர் கட்டடம் அவ்வளவு பழசில்லீங்க

"அண்ணா சாலையில இப்ப நிக்கிற ஸ்பென்சர் பிளாசாவே வெள்ளைக்காரன் கட்டினது, இப்போ வெறும் செல்போன் கவர் கடை"ன்னு ஒரு நண்பர் எழுதியிருக்கார். ஸ்பென்சர் கடை 1860-களிலேயே தொடங்கினது நிஜம். ஆனா இந்தோ-சாரசெனிக் பாணியில (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய கட்டடக்கலை கலந்தது) 1890-கள்ல எழும்பின அந்தச் செங்கல் மாளிகை 1983 தீயில போயிடுச்சு. இப்ப இருக்கிறது அதே மனையில பிறகு கட்டின மால். 2010-ல எக்ஸ்பிரஸ் அவென்யூ வர்ற வரைக்கும் சென்னையில மால்னாலே பலருக்கு இதுதான்.

மாலுக்கு மூணு ஃபேஸ், அதாவது மூணு பகுதி; முதல் தடவை போனா வழி தப்பாம வெளிய வர்றது கஷ்டம் (நான் ரெண்டு தடவை சுத்தியிருக்கேன்). கவர் கடை இருக்கு, இல்லைங்கல. காஷ்மீர்க்காரங்க கடையில நின்னு பாருங்க: சால்வையை ஒண்ணொண்ணா உதறி விரிச்சு, "சும்மா பாருங்க சார்"ம்பாங்க. பேரம் பேசாம வாங்கிடாதீங்க.