"பசிச்சால் தின்னும்" என்று விடாதீர்கள்: கிட்னி பழுதான வயசுபோன நாயின் சாப்பாடு

வன்னியில் வயசுபோன நாய் ஒன்று சாப்பாட்டை விட்டால் இரண்டு பேச்சுத்தான் வரும். "பசிச்சால் தின்னும்" என்பது ஒன்று. "வயசு போட்டுது, இனி என்ன செய்யிறது" என்பது மற்றது. இரண்டோடும் எனக்கு உடன்பாடு இல்லை. கிட்னி பழுதான நாய் முகத்தைத் திருப்புவது பெரும்பாலும் கொழுப்பில் அல்ல, ஓங்காளத்தில். இரத்தத்தில் தேங்கிய கழிவு அதன் வயிற்றைப் புரட்டுகிறது. பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையையே கரைக்கும். அந்தக் கழிவையும் அதே பழுதான கிட்னிதான் வெளியேற்ற வேண்டும். அதனால் பட்டினி போட்டுப் பழக்குவது இந்த நோயில் நேரடிக் கெடுதல்.

தட்டை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பசியில்லாத நாய் எழும்பியே வராது. ஓங்காளம் உள்ள நாய் வாலை ஆட்டிக்கொண்டு வரும், மணந்து பார்க்கும், உதட்டை நக்கும், இரண்டு மூன்று தரம் வெறுமனே விழுங்கும், பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு போய்ப் படுக்கும். சிலது வீணி வடிக்கும், புல்லைக் கடிக்கும். உதட்டைத் தூக்கி வாயையும் பாருங்கள். மூத்திர வாடை, நாக்கு ஓரத்தில் புண், வெளிறிய முரசு இருந்தால் எந்தக் கறி வைத்தும் பயனில்லை. முதலில் மருந்து.

சத்தியையும் ஓங்காளத்தையும் அடக்க மரோப்பிற்றன்ற், ஒன்டான்செற்றோன் போன்ற மருந்துகள் உள்ளன. அளவைக் கால்நடை வைத்தியர் சொல்லட்டும். கிரியேற்றினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு), பொஸ்பரஸ், கல்சியம், பொட்டாசியம் நான்கையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிரியேற்றினின் டெசிலீற்றருக்கு 2.9 முதல் 5.0 மில்லிகிராம் வரை நின்றால் கிட்னி நோயின் நான்கு கட்டங்களில் மூன்றாம் கட்டம், அதற்கு மேல் நான்காம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் பொஸ்பரஸை 5.0 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருக்கப் பார்க்க வேண்டும். காய்ச்சலோடு திடீரென்று சாப்பாட்டை விட்டு, கண்ணும் மஞ்சளானால் கதை வேறு. வயல் ஓரத்து நாய்களுக்கு எலிக்காய்ச்சல் வரும், அது நாயின் மூத்திரத்தால் மனிதருக்கும் தொற்றும். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

சாப்பாட்டில் ஆட்கள் புரதத்துக்குப் பயந்து இறைச்சியை அடியோடு நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட வேண்டியது முதலில் பொஸ்பரஸுக்கு, பழுதான கிட்னியால் வெளியேற்ற முடியாமல் அது இரத்தத்தில் தேங்கும். நாய்க்கென்று நாங்கள் மலிவாக வாங்கும் கோழிக் கழுத்து, கால், மீன் தலை, முள்ளோடு அவித்த நெத்தலி எல்லாம் எலும்பு. எலும்பு என்றால் பொஸ்பரஸ். கருவாட்டில் உப்பும் சேர்ந்துவிடும். முட்டையில் மஞ்சள் கரு 100 கிராமில் ஏறத்தாழ 390 மில்லிகிராம் பொஸ்பரஸ், வெள்ளைக்கருவில் 15 மட்டும். அதனால் வெள்ளைக்கருவை நன்றாக அவித்துக் கொடுங்கள், மஞ்சள் கரு வீட்டுப் பிள்ளைகளுக்கு.

10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 450 முதல் 500 கலோரி தேவைப்படும். அதற்கு ஓர் அளவு: தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு 200 கிராம், எலும்பில்லாத கோழித்தொடை (அவிக்க முன் நிறை) 80 கிராம், ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, தேங்காய் எண்ணெய் இரண்டு தேக்கரண்டி, அவித்த பூசணிக்காய் 50 கிராம். சோற்றில் அலுத்தால் பாதியை அவித்த சவ்வரிசியாக மாற்றலாம், அதில் பொஸ்பரஸ் மிகக் குறைவு. இறைச்சியைச் சிறு துண்டாக வெட்டி, நிறையத் தண்ணீரில் 10 நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். பொஸ்பரஸில் ஒரு பங்கு அதோடு போகும். மணமும் போய்விடும் என்பதுதான் இடைஞ்சல். அதற்கு அவித்த துண்டுகளைத் தேங்காய் எண்ணெயில் ஓரம் சிவக்கும்வரை வதக்கி, அதே சட்டியில் சோற்றையும் போட்டுப் பிரட்டினால் மணம் ஒவ்வொரு பருக்கையிலும் ஏறும். உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம். எண்ணெயை அரைத் தேக்கரண்டியில் தொடங்கி ஒரு கிழமையில் கூட்டுங்கள், ஒரேயடியாக ஊற்றினால் வயிற்றால் போகும்.

இந்தச் சாப்பாட்டில் கல்சியமும் விற்றமின்களும் போதாது. இரத்தத்தில் கல்சியம் கூடவில்லை என்று தெரிந்த பிறகு, கழுவி அவித்துக் காயவைத்து மாவாக அரைத்த முட்டைக்கோது கால் தேக்கரண்டியை நாள் சாப்பாட்டில் பிரித்துக் கலக்கலாம். சாப்பாட்டோடு போனால்தான் அது குடலில் பொஸ்பரஸையும் பிடிக்கும், வெறும் வயிற்றில் பிடிக்காது. மாட்டுக்குப் போடும் கனிமக் கலவையைத் தொடவே வேண்டாம், அதில் பொஸ்பரஸும் சேர்ந்தே இருக்கும். கிட்னி நோய்க்கென்றே விற்கும் நாய் உணவு கிடைத்து, வாங்கவும் முடிந்தால் அது இதைவிட நல்லது. ஆனால் ஓங்காளம் அடங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும். வயிறு புரட்டும்போது எதைத் தின்றதோ அதை நாய் பிறகு வெறுத்துவிடும். பழைய சாப்பாட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து 10 நாளாவது எடுத்து மாற்றுங்கள்.

குளிசையைச் சாப்பாட்டுக்குள் ஒளிப்பதும் இதே காரணத்தால் பிழை. ஒரு தரம் கசந்தால் அந்தத் தட்டையே மணந்து பார்க்காது. குளிசைக்குத் தனியாக ஒரு சோற்று உருண்டை, வேறு இடத்தில், வேறு நேரத்தில். சாப்பாட்டை நான்கு ஐந்து தரமாகப் பிரித்து, கைச்சூட்டில் வையுங்கள். சோளகம் அடிக்கும் மாதங்களில் மத்தியானம் வைப்பது வீண். விடியற்காலையும் பொழுதுபட்ட பிறகும் கூடத் தின்னும். அரைமணித்தியாலத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். வாயைப் பிளந்து ஊட்டுவது எனக்குச் சம்மதமில்லை. புரை ஏறினால் நெஞ்சுக்குள் போய்விடும், வெறுப்பும் கூடும்.

மனிதருக்குச் சொன்ன கிட்னிப் பத்தியத்தை நாய்க்குப் போடுவதும் இங்கே நிறைய நடக்கிறது. அப்படித் தண்ணீரை அளந்து வைக்கவே கூடாது. பழுதான கிட்னி மூத்திரத்தைச் செறிவாக்க முடியாமல் நீரை விட்டுக்கொண்டே இருக்கும். இரண்டு மூன்று இடத்தில் நிழலில் நல்ல தண்ணீர் நிற்கட்டும். இளநீரில் பொட்டாசியம் கூட, இரத்தம் பார்க்காமல் கொடுக்க வேண்டாம். புளி விட்ட மீன்குழம்புச் சோறு வேண்டவே வேண்டாம். திராட்சையிலும் புளியிலும் உள்ள டாட்டாரிக் அமிலம் நாயின் கிட்னிக்கு நஞ்சு. நொண்டுகிறது என்று டைக்ளோபெனக், இபுபுரூபன் கொடுத்தால் மிஞ்சிய கிட்னியும் போகும்.

இதெல்லாம் செய்தும் ஒருநாள் முழுக்க ஒன்றும் தின்னாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், தோலுக்கடியில் சேலைன் ஏற்றினாலே சில நாய்கள் அன்றிரவு தின்னும். அன்றைக்கு அது வெறும் கோழி மட்டும் கேட்டால் கோழியைக் கொடுங்கள், பத்தியத்தை மறுநாள் பார்க்கலாம். கிழமைக்கு ஒருதரம் நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் நிறையைக் கழித்துக் கொப்பியில் எழுதுங்கள். 10 கிலோ நாய் ஒரு மாதத்தில் அரைக் கிலோ குறைந்திருந்தால் அந்தக் கொப்பியையும் கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள்.