கியர் நாப்தான் வசதி, ஒயரை மட்டும் கவனியுங்கள்
ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) சுவிட்சை டேஷ்போர்டில் வைத்தால்தான் பழைய காரின் அழகு கெடாது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அழகு சரி. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். வலது கை ஸ்டீயரிங்கில், இடது கை கியரில். வளைவில் எதிரே பஸ் வரும்போது டேஷ்போர்டைத் தடவ யாருக்கு நேரம்? எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரிலேயே முதலில் டேஷ்போர்டில் இருந்த சுவிட்ச், பிறகு ஸ்டீயரிங் பக்கத்து லீவருக்குப் போய், கடைசியில் கியர் கம்பியின் தலையில் இருக்கும் நாப்புக்குத்தான் வந்தது.

நானும் அங்கேதான் வைத்தேன். ஒரே தொல்லை, கியர் மாற்ற மாற்ற கம்பிக்குள்ளே போகும் ஒயர் அறுந்துவிடும். எனக்கு பர்லியார் பக்கம் அறுந்து, கோவை வரை ஓவர்டிரைவ் இல்லாமலே இன்ஜின் இரைச்சலோடு போனேன். மெல்லிய பல இழை ஒயர் போட்டு, அடியில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். தனி ஃபியூஸும் வேண்டும்.

அப்புறம், சுவிட்ச் எங்கே இருந்தாலும் ரிவர்ஸில் ஓவர்டிரைவ் விழாமல் பார்த்துக்கொள்ள கியர்பாக்ஸில் இருக்கும் தடுப்பு சுவிட்சைக் கழற்றிவிடாதீர்கள். ஓவர்டிரைவ் விழுந்தபடியே ரிவர்ஸ் எடுத்தால் உள்ளே இருக்கும் ஒருவழி கிளட்ச் போச்சு. ஊட்டி மெக்கானிக் யாரும் அதற்குப் பாகம் வைத்திருக்க மாட்டார்!