ஃபாஸ்ட்டோ, விக்காரோ?

(ஒஸ்லோ, மாமி வீட்டுக் குசினி. விக்கார் எண்டா லீவில போனவரின்ரை இடத்துக்கு வாற பதில் ஆள். ஃபாஸ்ட் எண்டா நிரந்தரம். இந்த ரெண்டு சொல்லும் தெரிஞ்சாப் போதும், நோர்வேத் தமிழரோட அரைமணித்தியாலம் கதைக்கலாம்.)

மருமகன்: துருக்கியிலயும் ஊலேயை வேலையால நிப்பாட்டிப்போட்டாங்கள் மாமி.

மாமி: ஐயோ பாவம். எங்கட முதியோர் இல்லத்தில ஆள் தேடினம், வரச்சொல்லு. எந்த ஊர்ப் பெடியன்?

மருமகன்: கிறிஸ்டியான்சுண்ட்.

மாமி: கருவாட்டு ஊர். முறிஞ்சு வேலை செய்யக்கூடிய பிள்ளையளா இருக்கும். முந்தி எங்க வேலை?

மருமகன்: மோல்டேயில. பிறகு 1996இல மான்செஸ்டர், பதினொரு வருசம்.

மாமி: பதினொண்டோ! ஃபாஸ்ட்தானே?

மருமகன்: கனநாள் பெஞ்சிலதான் இருந்தவர். ஆரும் களைச்சா உள்ள விடுவாங்கள்.

மாமி: விக்கார் எண்டு சொல்லன்.

மருமகன்: ஆனா 99இல நொட்டிங்ஹாமில, 72ஆவது நிமிசம் உள்ள போய் நாலு அடிச்சவர்!

மாமி: நாலு பேருக்கு அடிச்சவனோ? வேண்டாம் ராசா. எங்கட இடத்தில எல்லாம் எண்பது தாண்டினதுகள்.

மருமகன்: கோல் மாமி, கோல்! உதைபந்தாட்டக்காரர், ஊலே குன்னார் சூல்ஷார்!

மாமி: அந்தக் குழந்தைமூஞ்சியோ? அதை முதலே சொல்லியிருக்கலாமே. பார்சலோனாவில பயர்ன் மியூனிக்கோட இறுதியாட்டம் விளையாடின இரவு நான் வேலையில. பயர்ன் ஒண்டுக்குச் சைபர். நேரம் முடிஞ்சுதெண்டு டிவியை நிப்பாட்டப் போறன், ஒரு கிழவர் என்ரை கையை எட்டிப் பிடிச்சிட்டார். அதுக்குள்ள ஷெரிங்ஹாம் ஒண்டு, இவன் ஒண்டு. கிழவர் கையை விடவே இல்லை.

மருமகன்: அண்டைக்கு 81ஆவது நிமிசத்திலதான் உள்ள விட்டவங்கள்.

மாமி: பன்னிரண்டு நிமிச வேலைக்கு ஐரோப்பாக் கோப்பை. எங்கட இடமெண்டால், 'நன்றி, தேவையெண்டாக் கூப்பிடுறம்' எண்டுவினம்.

மருமகன்: முழங்கால் போய் 2007இல விட்டவர்.

மாமி: முழங்கால் எனக்கும்தான் போட்டுது. நான் விட்டனானே?

மருமகன்: பிறகு கோச். 2011இல மோல்டேக்கு முதல் லீக் கோப்பை, அதுவும் கழகத்துக்கு நூறு வயசான வருசம். அடுத்த வருசமும் அவைதான்!

மாமி: பிறகு கார்டிஃப் கழகத்துக்குக் கோச்சாப் போனவனே, அங்க?

மருமகன்: அதை விடுங்கோ. 2018 மார்கழியில மான்செஸ்டர் யுனைட்டெட்டே திரும்பக் கூப்பிட்டது.

மாமி: என்னவாக் கூப்பிட்டது?

மருமகன்: ...விக்காரா.

மாமி: ஆ!

மருமகன்: 19 மச்சில 14 வெற்றி மாமி! பங்குனியில ஃபாஸ்ட் ஆக்கிப்போட்டாங்கள்.

மாமி: அதுக்குப் பிறகு?

மருமகன்: அந்த சீசனில மிச்சம் பத்து மச்சில... ரெண்டு.

மாமி: விக்கார் எண்டா, நாளைக்கு ஃபோன் வருமோ வராதோ எண்ட பயத்தில ரெண்டாளின்ரை வேலை செய்வம். அவனை ஃபாஸ்ட் ஆக்கிக் கெடுத்துப்போட்டாங்கள்.

மருமகன்: விளையாடினவை களைச்சிட்டினம் மாமி.

மாமி: களைச்சா உள்ள விடப் பெஞ்சில ஒரு சூல்ஷார் இருக்கவேணும். அவன்தான் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியில நிண்டானே!

மருமகன்: எண்டாலும் 2021 கார்த்திகை மட்டும் நிண்டவர். வொட்ஃபோர்டோட 4-1 தோத்து, அடுத்த நாள் அனுப்பிட்டாங்கள்.

மாமி: உடன பதிலுக்கு ஒரு ஆளைப் போட்டிருப்பாங்களே. என்னவாப் போட்டவங்கள்?

மருமகன்: (சத்தமில்லாமல்) விக்காரா.

மாமி: நான் ஆறு வருசம் உப்பிடி நிண்டனான் தம்பி. ஒருத்திக்குப் பிள்ளைப்பேறு, மற்றவக்கு நாரிப்பிடிப்பு. கோயிலுக்குப் போனால் சனம் சாமியைக் கும்பிட முதல் என்னட்டைத்தான் கேக்கும், 'இன்னும் ஃபாஸ்ட் ஆகேல்லையோ?' எண்டு.

மருமகன்: இப்ப ஃபாஸ்ட் ஆகிட்டியள்தானே?

மாமி: ஓம். முழுநேர வேலையில அறுபது வீதம்.

மருமகன்: மிச்ச நாப்பதுக்கு?

மாமி: ஃபோனைப் பாத்துக்கொண்டு பெஞ்சில இருக்கிறன்.