1842-லேயே எல்லோரும் வீடு திரும்பவில்லை
ஜம்முவின் டோக்ரா படைக்கும் திபெத்துக்கும் 1841-42-ல் நடந்த போரைப் பற்றிய கட்டுரை, '1842 உடன்பாட்டோடு இரு தரப்புக் கைதிகளும் ஊர் திரும்பினர்' என்று ஒரே வரியில் முடிப்பது சரியல்ல. 1841 டிசம்பர் 12 அன்று மேற்குத் திபெத்தின் தக்லகோட் அருகே டோக்ரா தளபதி ஜொராவர் சிங் போரில் மாண்டபோது பிடிபட்ட டோக்ரா, லடாக்கி, பால்டி வீரர்கள் திபெத்துக்குள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களோடு பிடிபட்ட ஸ்கர்டு (பால்டிஸ்தான்) அரசர் அகமது ஷா சிறையிருப்பிலேயே இறந்தார். உடன்பாடு பேசியதெல்லாம் பெரும்பாலும் எல்லையும், கம்பளி, சால்வை, தேயிலை வணிகமும்தான். 1856-ல் நேபாளமும் திபெத்தும் செய்த தாபாதலி ஒப்பந்தத்தைப் பாருங்கள்: சீக்கியக் கைதிகளை (லாகூர் சீக்கிய அரசின் படை என்பதால் டோக்ராக்களும் அந்தக் கணக்கில்தான்) நேபாளத்திடம் ஒப்படைக்கத் தனி விதியே இருக்கிறது. 14 ஆண்டு கழித்தும் ஆள் இருந்ததால்தானே அப்படி எழுத வேண்டிவந்தது? கட்டுரையின் கீழே ஒருவர் 'பிடிபட்ட எல்லோரையும் கொன்றிருப்பார்கள்' என்கிறார், அதுவும் இல்லை. வாளைவிடக் குளிர்தான் பொல்லாததாக இருந்தது. போரின்போதே டோக்ரா வீரர்கள் விறகில்லாமல் துப்பாக்கிக் கட்டையையே எரித்துக் குளிர்காய்ந்தார்கள்; விரல் மரத்துப்போனவனால் மருந்து கெட்டிக்க முடியுமா? தக்லகோட்டிலிருந்து டோக்ரா அதிகாரி பஸ்தி ராமுடன் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த குமாவுனுக்குத் தப்பியோடியவர்களிலும் பாதிப்பேர் உறைபனியில் மாண்டார்கள், பிழைத்த பலருக்குக் கைகால் விரல்கள் போயின. கைதிகளில் சிலரோ திபெத்தியப் பெண்களை மணந்து குடும்பமாகிவிட்டதால், விடுவித்தபோதும் கிளம்ப மறுத்துவிட்டார்கள்.