சார்ட்டைக் கழற்றி வைத்த கதை

"பையனுக்கு இங்கிலீஷ் போனிக்ஸ் கிளாஸ் சேத்தாச்சு. தமிழ்தானே, வீட்ல பேசுறோம், தானா வந்துடும்." எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்டில் இதை எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. போன வருடம் வரை நானும் சொன்னவன்தான். பேச்சு தானாக வந்துவிடும். எழுத்து வராது. என் மகளுக்கு வரவில்லை.

யுகேஜி முடிக்கும்போது சுவரில் ஒட்டியிருந்த சார்ட்டை ராகம் போட்டு ஒப்பிப்பாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் கைதட்டிவிட்டுப் போவார்கள். ஒருநாள் நடுவில் 'ப'வைத் தொட்டு இது என்னம்மா என்று கேட்டேன். 'க'வில் ஆரம்பித்து, பாடிக்கொண்டே வந்து, 'ப'வில் நின்று, "ப!" என்றாள். அவளுக்கு எழுத்து தெரியவில்லை, பாட்டுதான் தெரிந்திருந்தது.

எங்கள் தளத்தில் ஒரு டீச்சர் இருக்கிறார். மாநகராட்சிப் பள்ளியில் பல வருடம் ஒன்றாம் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவர். அவரிடம் புலம்பினேன். "முதல்ல அந்தச் சார்ட்டைக் கழட்டுங்க தம்பி. ட, ப, ம மூணே மூணு குடுங்க. அப்புறம் புள்ளி வைக்கச் சொல்லிக் குடுங்க" என்றார். ட, ப இரண்டும் நேர்க்கோடு, சின்னக் கைக்குச் சுலபம். படம், மடம், பட்டம், மட்டம். கால், கொம்பு எதுவும் வேண்டாம். முதல் நாள் சாயங்காலமே 'படம்' என்று வாசித்துவிட்டாள். 'ர' சேர்ந்ததும் மரம் வந்தது, அப்புறம் பம்பரம்.

பம்பரத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. அந்தச் சொல்லில் இரண்டு 'ப'. முதல் 'ப' ஒரு மாதிரி ஒலிக்கும், 'ம்'முக்குப் பின்னால் வருவது இன்னொரு மாதிரி. எழுத்தில் வித்தியாசமே கிடையாது. அவள் இரண்டையும் ஒரே மாதிரி அழுத்திச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்டின்னா என்னப்பா?" அவள் பம்பரத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை! சனிக்கிழமை மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போய் மரப் பம்பரமும் சாட்டையும் வாங்கி வந்தோம். (எனக்கே விடத் தெரியவில்லை. மூன்று தடவை காலில் விழுந்தது.) இரண்டு நாள் அதோடு விளையாடின பிறகு அதே சொல்லைக் காட்டினேன். யாரும் திருத்தாமலே சரியாக வாசித்தாள்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை பேசத் தெரிந்த சொல்லில் ஆரம்பியுங்கள். வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இருக்கிற பெரிய வசதி அது. அதை விட்டுவிட்டு 'ங' வரிசையில் உட்கார வைத்து ஏன் வதைக்க வேண்டும்? ஙூ, ஙௌ எல்லாம் எந்தச் சொல்லில் வருகிறது?

247 என்றதும் பெற்றோர்தான் முதலில் மிரள்கிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. மிச்சம் 216ம் உயிரும் மெய்யும் கலந்து பிறந்தவை. 'கா'வின் கால்தான் 'மா'வுக்கும். உண்மையில் கஷ்டம் கொடுப்பது உகர, ஊகார வரிசைதான். கு, டு, து, பு, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்துகொண்டு போகும். அதற்கு அவசரப்படாமல் வாரத்துக்கு இரண்டு எழுத்து போதும்.

அடுத்தது கொம்பு. முதலில் எழுதுகிறோம், பின்னால் ஒலிக்கிறோம். இதைக் குழந்தை எப்படி ஒத்துக்கொள்ளும்? எங்களுக்குக் கைகொடுத்தது 29சி பஸ். ஒரு முனை பெரம்பூர், மறுமுனை பெசன்ட் நகர். எந்தப் பக்கம் போனாலும் போர்டில் 'பெ' இருக்கும். "கொம்பைப் பாத்ததும் வாயத் தொறக்காத, பக்கத்து எழுத்தையும் பாத்துட்டுச் சொல்லு." இரண்டு வாரத்தில் பழகிவிட்டது.

நடுவில் அம்மாவின் சமையல் நோட்டு வேறு. 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன்பே பள்ளிக்கூடம் முடித்தவர், இன்னும் பழைய 'லை'தான் போடுவார். "பாட்டி லைக்கு ஏன் தும்பிக்கை இருக்கு?" என்ற கேள்விக்கு அரைமணி நேரம் ஓடியது.

பள்ளிக்கூடம் சொல்லித் தராதா என்று கேட்பீர்கள். தமிழைக் கட்டாயப் பாடமாக்க 2006லேயே சட்டம் வந்தாயிற்று. சட்டம் பீரியடைத்தான் தரும். நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் என் மகள் எந்த எழுத்தில் தடுக்குகிறாள் என்று பக்கத்தில் உட்காருகிற எனக்குத்தான் தெரியும். அதற்கு ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் ஆகிறது, அவ்வளவுதான். 'பளம்' என்று வாசித்தால் அப்போது திருத்துவதில்லை. சென்னையில் பெரியவர்களே 'பயம்' என்கிறோம்.

'வந்தார்கள்' என்று படித்துவிட்டு "யாருப்பா இப்டிப் பேசுறாங்க?" என்று கேட்டாள். புத்தகத் தமிழ் காதில் விழுந்தால்தானே பழகும்? அதனால் ராத்திரி தூங்குவதற்கு முன் நான் சத்தமாக வாசிக்கிறேன். அவளாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் இதை நிறுத்தவில்லை.

இப்போது தினசரிக் காலண்டரில் தாள் கிழிக்கும் உரிமை அவளுடையது. போன திங்கட்கிழமை எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்தாள். "சூலம் கிழக்கு. பரிக்காரம் தயிர்." 'தயிர்' பட்டென்று வந்தது, பரிகாரம்தான் தடுக்கியது. ஸ்கூல் எந்தத் திசையில் இருக்கிறது என்று என் அம்மாவிடம் விசாரித்துவிட்டு, "அப்ப நான் இன்னிக்குப் போகக் கூடாதே" என்றாள். அம்மா எதுவும் பேசாமல் டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்சாதத்தைக் காட்டினார்.